ஒன்பதாம் வளைவில் தவசியின் நெஞ்சு

தவசிக்கு நெஞ்சில் கோளாறு என்பது அவர் ஜீப்பில் மலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படி ஒரு கோளாறு இல்லை என்பது தவசிக்கு மட்டும் தெரியும்.

போடியிலிருந்து விடியுமுன் கிளம்புகிற ஜீப்புகளில் அவருடையதும் ஒன்று. ஏலத்தோட்டத்தில் களையெடுக்கவும் காயெடுக்கவும் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து முந்தல் தாண்டுவார். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்துப் பக்கம் தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அதே வழியில் கூட்டிவருவார். எங்கள் தெருவில் அந்த ஜீப்பின் சத்தத்தில்தான் பால் காயும், பிள்ளைகள் எழும்.

இந்த ஜீப்புகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் ஒரு வண்டியில் ஏறத் தொடங்கிவிட்டால் லேசில் மாறமாட்டாள். "நாங்க தவசி வண்டி" என்பார்கள், சொந்த ஊரைச் சொல்வதைப் போல. அவர்கள் வீட்டுச் சடங்குக்கு டிரைவர் போய் நிற்க வேண்டும். டிரைவர் வீட்டில் ஒன்றென்றால் அவர்கள் வந்து நிற்பார்கள். பின்னால் எத்தனை பேர் நெருக்கிக்கொண்டாலும் முன்சீட்டு ஓரம் உடம்புக்கு முடியாதவளுக்கு. மாசமாக இருக்கிறவள், வளைவில் வாந்தி எடுக்கிறவள், காய்ச்சலோடு வருகிறவள் அங்கே உட்காரலாம்.

இரண்டு வருடமாக அந்த இடம் பொன்னுமணிக்கு. நாற்பதைத் தொடாத வயது. வெளுத்த உதடு. தோட்டத்தில் நாலு எட்டு ஏற்றத்தில் வைத்தாலே மூச்சு வாங்கும். மடியில் முடிந்து வைத்திருக்கிற பச்சரிசியை வழி நெடுக ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு வருவாள்.

"என்ன பொன்னுமணி, வீட்டுல உலை வைக்கிறதே இல்லியா?" என்று தவசி கேட்டால், "வச்சா ருசி போயிருதுண்ணே" என்பாள்.

போன ஐப்பசியில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஒன்பதாம் வளைவில் ஜீப் பின்னால் வழுக்கியது. பின்சக்கரம் தடுப்புச்சுவரின் உடைந்த பக்கமாகப் போனது. கீழே முந்தல் வரைக்கும் வெறும் மேகம். பெண்கள் அலறக்கூட மறந்தார்கள். சக்கரம் ஒரு பாறையில் முட்டி நின்றது.

இறங்கிப் பார்த்தவர்கள் பாறையைப் பார்த்தார்கள், பிறகு தவசியைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் மூத்தவளான ஆயம்மாள் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள்.

"அந்த நேரத்துல பாறையப் பாத்து வண்டிய ஒடிச்சுட்டியே அப்பு! வேற ஒருத்தன்னா நம்ம கதை முடிஞ்சிருக்கும்."

தவசி ஒடிக்கவில்லை. பிரேக்கையும் மிதிக்கவில்லை. சக்கரம் வழுக்கத் தொடங்கிய நொடியில் கை ஸ்டியரிங்கில் இருந்தது, கால் இருந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். இரண்டும் அவருடையவை இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பாறை அங்கே இருந்ததை நின்ற பிறகுதான் பார்த்தார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆயம்மாள் சொடுக்கிவிட்டாள். அதன்பிறகு அந்தக் கதை மற்ற வண்டிகளுக்கும் போனது. முந்தல் டீக்கடையில் மற்ற டிரைவர்கள் எழுந்து அவருக்கு இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.

அதிலிருந்துதான் நெஞ்சு.

எட்டாம் வளைவு திரும்பும்போதே தொடங்கும். காதுக்குள் உலக்கை போடுகிற சத்தம். உள்ளங்கை நனைந்து ஸ்டியரிங் வழுக்கும். ஒன்பதைத் தாண்டி இரண்டு பர்லாங் போனால் தானாக அடங்கும். ஒருநாள் அடங்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பொன்னுமணி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஆத்தாடி, என்னண்ணே இது, கோழிக்குஞ்சு நெஞ்சு கணக்கா அடிக்குது!"

"நெஞ்சுல என்னமோ கோளாறு" என்றார் தவசி. யோசித்துச் சொன்னதல்ல. கையில் அகப்பட்டதை எடுத்து மூடிக்கொண்டதுபோல் சொன்னார்.

மறுநாளிலிருந்து ஜீப்பே அவர் நெஞ்சைச் சுமந்தது. ஒருத்தி உரித்த பூண்டைப் பாலில் வேகவைத்துத் தூக்கில் கொண்டுவந்தாள். ஒருத்தி மருதம்பட்டை. ஆயம்மாள் அவர் கடுங்காப்பியைப் பிடுங்கிக் கீழே கொட்டினாள்.

"சூடு ஏறித்தான் நெஞ்சு படபடங்குது. இனி காப்பியத் தொட்டே, மலையில இருந்து தள்ளி விட்ருவேன்."

"தள்ளிவிட்டா யாரு ஆத்தா வண்டி ஓட்டுறது?"

"ஏன், நான் ஓட்டுறேன். நீ பின்னால தொத்திக்கிட்டு வா."

சிரித்தார்கள். தவசியும் சிரித்தார். ஒவ்வொரு தூக்கு கைக்கு வரும்போதும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்காமல் குடித்தார்.

வீட்டில் அவர் மனைவி அருணாதான் விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் பவதாரணி சின்ன வயதுதான், ஆனால் அவசரப்படாத ஆள். விரலால் நாடி பார்த்தார், ஈசிஜி எடுத்தார், பிறகு பேசினார்.

"நெஞ்சு எப்பவும் ஒரே வேகத்துல துடிக்காதுங்கய்யா. சும்மா உக்காந்திருக்கப்ப நிமிஷத்துக்கு அறுபதுல இருந்து நூறு வரைக்கும் சரி. படியேறினா கூடும், காய்ச்சல் வந்தா கூடும், தண்ணி குடிக்காம இருந்தா கூடும். தூக்கம் கெட்டாலும் காப்பி, புகையிலை போட்டாலும் கூடும். தைராய்டு கூடினா, ரத்தம் குறைஞ்சா கூடும். கோவம், கவலை, பயம், இதுக்கெல்லாமும் கூடும். உங்களுக்கு எதனாலன்னு பாக்கணும்."

தவசி புகையிலையைப் பிடித்துக்கொண்டார். "புகையிலை போடுவேன் டாக்டரம்மா. தண்ணியும் குடிக்கிறதில்ல. வழியில இறங்க முடியாதுல்ல, அதனால." கடைசியாகச் சொன்ன மூன்றும் அவர் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்.

புகையிலையை அன்றே விட்டார். பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டார். டாக்டர் காட்டிக்கொடுத்தபடி மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து எண்ணினார். கட்டைவிரலை வைக்கக் கூடாதாம், அதற்கே ஒரு துடிப்பு இருக்கிறதாம், கணக்குக் குழம்பிவிடும். வாசலில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறவரைத் தெருவே பார்த்தது. சாமி கும்பிடுகிறவர் முகம். நாளாக ஆக எண்ணிக்கை நன்றாகவே இறங்கியது. ஒன்பதாம் வளைவில் மட்டும் இறங்கவில்லை.

இரண்டாம் முறை போனபோது டாக்டர் எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரு கருவியைக் கட்டிவிட்டார். சோப்புப் பெட்டி அளவு, இடுப்பில் தொங்கும். அதிலிருந்து நாலைந்து வயர் நெஞ்சில் ஒட்டியிருக்கும். ஒரு பகலும் ஒரு இரவும் நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று பதிந்துகொள்ளும். வைத்தியம் ஒன்றும் செய்யாது.

"எப்பவும் போல இருங்க, எப்பவும் போல வண்டி ஓட்டுங்க" என்றார்.

காலையில் சட்டைப் பித்தான் இடைவெளியில் வயரைப் பார்த்தது ஆயம்மாள்தான்.

"என்னப்பு இது? நெஞ்சுக்குக் கரண்டு குடுத்திருக்காங்களா?"

இல்லை ஆத்தா, சும்மா அளக்கிற பெட்டி என்று சொல்லியிருக்கலாம். அளந்தால் என்ன வரும் என்ற பயத்தில் இருந்தார் தவசி.

"ம்" என்றார்.

அந்த ஒரு 'ம்' போதுமாக இருந்தது. பேட்டரியில் ஓடுகிற நெஞ்சோடு ஒரு மனிதன் தங்களை மலையேற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டு அத்தனை பெண்களும் சத்தம் காட்டாமல் வந்தார்கள். வழியில் ஒருத்தி செல்போனில் பாட்டுப் போட்டபோது, "அணைடி, அண்ணனுக்கு அதிரும்" என்று இன்னொருத்தி அதட்டினாள். பொன்னுமணி அரிசி கடிக்கவில்லை. வழி நெடுக அந்த வயரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டிருந்த நேரம். அன்று சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கிய பொன்னுமணி வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் போனாள். அண்ணன் நெஞ்சு நல்லாகணும், ஆத்தா, உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். திருவிழா வரைக்கும் ஒருவேளைச் சாப்பாடு. மறுநாள் கையை நீட்டி அவரிடமே காட்டினாள்.

"ஒரு பயமும் வேணாம்ண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

தவசி கியரை மாற்றினார்.

கருவியில் பதிந்ததை டாக்டர் கணினியில் பார்த்தார். அருணாவும் கூடப் போயிருந்தாள்.

"சந்தோசமான சேதிதான். ஈசிஜி, எக்கோ எல்லாம் சுத்தமா இருக்கு. தூங்கையில அறுபதுக்கும் கீழ, நல்ல நெஞ்சு. காலையில ஒரு தடவை மட்டும் நூத்திநாப்பதுக்குப் போயிருக்கு. சாயங்காலம் அதே மாதிரி ஒருதடவை. அந்த நேரத்துல என்ன செஞ்சீங்க?"

"வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"எந்த இடத்துல?"

"ஞாபகமில்லைங்க."

"ஒம்பதாம் வளைவு" என்றாள் அருணா. தவசி திரும்பினார். அவள் அவரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "தூக்கத்துல அந்த நம்பரைத்தான் சொல்றாரு."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். பயம் வந்தால் உடம்பில் ஒரு சுரப்பு ஊறும், தப்பி ஓடத் தயாராகச் சொல்லும், உடனே நெஞ்சு ரத்தத்தை வேகமாக அனுப்பும், இது நெஞ்சின் கோளாறு இல்லை, நெஞ்சு தன் வேலையைச் செய்கிறது என்றார். ஒரு ஆபத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் வந்தாலே இப்படி ஆகும், பேசிப்பேசியே இதைச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள், எழுதித் தருகிறேன் என்றார்.

"ஏதாச்சும் ஒரு மாத்திரை எழுதிக் குடுங்கம்மா" என்றார் தவசி. "நெஞ்சுக்கு."

"நெஞ்சு நல்லா இருக்குங்கய்யா."

அவ்வளவு பெரிய உருவம், மீசையில் நரை, தொடைமேல் வைத்த கைகள். நல்ல நெஞ்சு என்று சொன்னதற்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒரு வால்வு அடைத்திருந்தால் நிமிர்ந்து வெளியே வந்திருப்பார்.

கதவு வரைக்கும் போனவர் நின்றார். "இன்னொண்ணு டாக்டரம்மா. எங்க வண்டியில ஒரு பிள்ளை வருது. ஏறினா மூச்சு வாங்குது. எந்நேரமும் பச்சரிசியத் திங்குது."

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கும். அப்படி இருந்தா வாய் அரிசிக்கும் மண்ணுக்கும் போகும். இருக்கிற கொஞ்ச ரத்தத்தையே நெஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டணும், அதனால அவங்களுக்கு உக்காந்த இடத்துலயே வேகமா அடிக்கும். உங்க நெஞ்சை விட அதைத்தான் வெரசாப் பாக்கணும். கூட்டிட்டு வாங்க. பட்டினி கிட்டினி போட்டுறப் போறாங்க."

தெருவுக்கு வந்ததும் தவசி, "வெளிய சொல்லிறாத" என்றார்.

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள் அருணா. "ஒருவேளைச் சோத்துல இருக்காளே, அவகிட்ட நீங்க சொல்லுங்க."

"அவளா நேர்ந்துக்கிட்டா."

"அவளாவா?"

தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை முந்தலில் டீக்கு நின்றபோது தவசி சொன்னார். ஆனால் பாதியைத்தான் சொன்னார். "சோதிச்சுப் பாத்தாச்சு. நெஞ்சுல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. வயரைக் கழட்டியாச்சு." பாதி போதும், பொன்னுமணி கயிற்றை அவிழ்த்துவிடுவாள் என்று நினைத்தார்.

ஜீப்புக்குள் குலவை எழுந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பொன்னுமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீகளா, கயிறு கட்டி ஒருவாரம் ஆகல. குடுத்துட்டாள்ல ஆத்தா!"

"அதான் சரியாப் போச்சே. இனி எதுக்குச் சட்டி? நீ டாக்டரப் பாக்க வா, உனக்குத்தான் ரத்தம் இல்லையாம்."

"என்னண்ணே பேசுறீக? வாங்கிக்கிட்டு ஏமாத்தச் சொல்றீகளா? இனிமேதான் எடுத்தே ஆகணும். எடுத்துட்டு வர்றேன் உங்க டாக்டரப் பாக்க."

ஒருவேளைச் சோற்றையும் நிறுத்தி, நீராகாரத்துக்கு மாறினாள். தான் கேட்டதைவிட வேகமாக அம்மன் கொடுத்ததற்கு அவள் செய்த மரியாதை அது. திருவிழா நெருங்கியது. பகலில் தார் இளகுகிற வெயில். அந்த வெயிலில், வேப்பிலையைச் சுற்றிக் கனல் நிறைத்த சட்டியை ஏந்திக்கொண்டு, வெறுங்காலில் ஊரைச் சுற்றி வரவேண்டும்.

தவசி ஒவ்வொரு நாளும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அதை இறக்கிவைக்க இடம் கிடைக்காமல் திரும்பிவருவார். ஒருவேளை அவளுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம் என்றும் நினைத்தார். அப்படி நினைத்த பிறகு கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதுபோல் தன் முகத்தைப் பார்த்து, திருப்பிக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் தோட்டத்துக் கேட்டில் ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கிய பொன்னுமணி, தூக்கியபடியே சாய்ந்தாள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து ஏற்றி உட்காரவைத்தார்கள். "ஒண்ணுமில்ல, கிறுகிறுன்னுச்சு" என்று சிரித்தாள். கழுத்தோரம் ஒரு நரம்பு, தோலுக்கடியில் அகப்பட்ட பூச்சியைப் போல், துடித்துக்கொண்டே இருந்தது. தவசி எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை.

போடிமெட்டில், இறக்கம் தொடங்குமுன், வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார்.

"என்னப்பு, யாரும் ஏறணுமா?" என்றாள் ஆயம்மாள்.

"இல்ல ஆத்தா." கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார். "எனக்கு நெஞ்சுல கோளாறு எப்பவுமே இருந்ததில்ல. சாமி சரி பண்றதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. எனக்குப் பயம். ஒம்பதாம் வளைவு வந்தா பயம். அதான் அடிக்குது. பயம்னு சொல்லக் கேவலமா இருந்துச்சு, கோளாறுன்னுட்டேன்."

பின்னால் யாரோ, "அப்ப நாங்க உரிச்ச பூண்டு?" என்றாள். ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, யாரும் சேராததால் நிறுத்தினாள்.

"பயம் யாருக்குத்தான் இல்ல" என்றாள் ஆயம்மாள். "அன்னைக்கு நீ மட்டும் பாறையப் பாத்து ஒடிக்கலேன்னா..."

"ஒடிக்கல ஆத்தா."

"என்னது?"

"நான் ஒண்ணுமே செய்யல. கையும் வரல, காலும் வரல. வண்டியாப் போயி முட்டுச்சு. பாறை இருந்தது. அவ்வளவுதான். நீங்க எல்லாம் சும்மா பொழைச்சீங்க."

மேகம் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஆயம்மாள் அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு இறங்கினாள்.

"பயந்தது தப்பில்லப்பு. எங்க உசிரு உன் கையில இருக்குன்னு நெனச்சு இத்தனை நாளும் நாங்க தூங்கிக்கிட்டே வந்தோம் பாரு, அதச் சொல்லணும்."

அவள் பின்னால் நாலைந்து பேர் இறங்கினார்கள். வேறு வண்டியிலோ பஸ்சிலோ போய்க்கொள்கிறோம் என்று ரோட்டோரம் போய் நின்றார்கள். தவசி வண்டியிலிருந்து ஒருத்தி இன்னொரு வண்டிக்குக் கைகாட்டுவதை அந்த மேட்டில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். மிச்சப் பேர் இறங்கவில்லை. பொன்னுமணி அசையவில்லை.

"நீயும் இறங்கிக்க" என்றார் தவசி.

"இறங்கித் தெம்பா நிக்க முடிஞ்சா இறங்கியிருப்பேன். ஓட்டுங்க."

மெதுவாக ஓட்டினார். ஒன்பதாம் வளைவில் நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டார். வண்டிக்குள் அத்தனை பேருக்கும் அது அடிப்பது தெரியும் இப்போது. முந்தலுக்கு வந்ததும் பொன்னுமணி கயிற்றைத் தொட்டுக் கேட்டாள்.

"நேர்ந்தது நேர்ந்ததுதான். சாமிகிட்டப் போயி நான் என்னன்னு சொல்ல? எங்கண்ணன் பொய் சொல்லிருச்சுன்னா?"

"அப்படியே சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க வந்து சொல்லுங்க. பூசாரி அவுக்கச் சொன்னா அவுக்கிறேன். இல்லேன்னா எடுக்கிறேன்."

மறுநாள் தவசி வண்டி எடுக்கவில்லை. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்த கூட்டம் கோயில் வாசல் வரைக்கும் நின்றது. குடத்தோடும் வேப்பிலையோடும் நின்ற பெண்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் வெறுங்கையோடு நின்றார். பொன்னுமணி முன்னால் நின்றாள், அவரைத் திரும்பிப் பார்க்காமல். முறை வந்ததும் மணிக்கட்டைப் பூசாரியிடம் காட்டிவிட்டு ஒதுங்கினாள்.

"இந்தப் பிள்ளை வேண்டுதலை மாத்தணும் சாமி" என்றார் தவசி. "எனக்காகக் கட்டினது."

"என்ன நோய்க்கு?"

உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். தவசி சொன்னது கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க. என்ன நோயி?"

"நோய் இல்ல. பயந்துட்டு, நோய்னு பொய் சொன்னேன். அதை நம்பி இந்தப் பிள்ளை கட்டிருச்சு. இதுக்கு உடம்புல ரத்தம் இல்ல, சட்டி தூக்கக் கூடாது."

அவர் பேசத் தொடங்கும்போது உறுமி நின்றிருந்தது. வரிசையில் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், டீக்கடையில் எழுந்து இடம் விட்டவர்கள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். பூசாரிக்கு அவசரம். இது மாதிரி ஒரு நாளைக்கு எத்தனையோ கேட்கிறவர்.

"சட்டிக்குப் பதிலா கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. ஆத்தா ஏத்துக்குவா. பொய் சொன்னவரு கீழ விழுந்து கும்பிட்டுட்டுப் போங்க. அடுத்து யாரு?"

தவசி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கல் தரை ஈரமாக இருந்தது. எழுந்திருக்க நேரமெடுத்துக்கொண்டார். அவர் எழுந்தபோது பொன்னுமணி இரவல் குடத்தில் தண்ணீரோடு கம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். குடம் அவளுக்குக் கனத்தது. போய்க் கைகொடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இன்னொரு பெண் பிடித்துக்கொண்டாள்.

ஊற்றி முடித்துத் திரும்பியவள் அவரருகே நின்று, நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.